கரையிலிருந்து திரும்பிப் போனவன்

திருப்பூருக்கும் கடலுக்கும் சம்பந்தமே கிடையாது. அலையைப் பார்க்க வேண்டுமென்றால் ரயிலேறி ராத்திரி முழுக்க உட்கார்ந்து போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த மயில்சாமி பத்து வருஷம் கடற்படையில் இருந்தான் என்றால், அதற்குக் காரணம் தோட்டத்துக் கிணறுகள்தான்.

ஊருக்குத் தெற்கே அப்போது பாறையை வெட்டி இறக்கிய பெரிய கிணறுகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமையானால் மயில்சாமியும் அடுத்த தெரு அலாவுதீனும் அங்கே போய்விடுவார்கள். அலாவுதீன் படி வழியே இறங்கி, காலை நனைத்து, மெதுவாக நீந்துவான். மயில்சாமி மேட்டிலிருந்து தலைகீழாகப் பாய்வான். உள்ளே போனவன் போனவன்தான். மேலே நிற்பவர்கள் பயந்துபோய்ச் சத்தம் போடத் தொடங்கும்போது அடியில் கிடந்த கல்லோடு சிரித்துக்கொண்டு வெளியே வருவான். கம்பு எடுத்துக்கொண்டு விரட்ட வரும் தோட்டக்காரர்கூட, "இந்தப் பய மேல வரட்டும், அப்பறம் வெச்சுக்கலாம்" என்று நின்றுவிடுவார். தெருவில் யாருடைய குடமாவது கிணற்றில் விழுந்துவிட்டால் பாதாளக்கரண்டியைத் தேட மாட்டார்கள், மயில்சாமியைத் தேடுவார்கள்.

அவனுடைய அப்பா ஆத்தப்பன் பனியன் கம்பெனி ஒன்றில் துணி வெட்டும் மேஜையில் நின்றார். அம்மா சென்னம்மாள் தைத்து வந்த பனியன்களுக்கு வீட்டில் உட்கார்ந்து பிசிர் வெட்டினாள். பள்ளிக்கூடத்தை விட்டதும் மயில்சாமி கந்தப்பன் என்பவருடைய சலவைப் பட்டறைக்கு வேலைக்குப் போனான். சிமெண்டுத் தொட்டியில் இறங்கி, பிளீச்சிங் கலந்த தண்ணீரில் பனியன் துணியை மிதித்து வெளுப்பாக்கும் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து போயிருக்கும்.

கோயம்புத்தூரில் கடற்படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து முதலில் கிளம்பியது அலாவுதீன்தான். துணைக்குப் போனவன் மயில்சாமி. அலாவுதீனுக்கு மார்பு அகலம் போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மயில்சாமியை நிறுத்திக்கொண்டார்கள். செய்தி கேட்டு சென்னம்மாள் கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"ஏஞ்சாமி, தண்ணி மேல போயித்தான் பொழைக்கோணுமா? இந்த ஊருல கம்பெனி இல்லாமயா போச்சு?"

"தொட்டித் தண்ணிக்குக் கடத்தண்ணி தேவலாம்மா" என்றான் அவன். ஆத்தப்பன் மகனுடைய பாதத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

அலாவுதீன் பிறகு பனியன் வியாபாரத்தில் இறங்கினான். கல்கத்தாவுக்குச் சரக்கு அனுப்பி, அங்கே போய் வந்து, நன்றாக இந்தி பேசக் கற்றுக்கொண்டான். மயில்சாமி படைகளைக் கரையிறக்கும் கப்பல் ஒன்றில் மாலுமியானான். அந்தக் கப்பலின் முகப்பு கதவுபோல இரண்டாகத் திறக்கும். உள்ளேயிருந்து இரும்புப் பலகை ஒன்று சரிந்து கரையில் இறங்கும். படைவீரர்கள் அதில் நடந்து கரைக்குப் போய்விடலாம். எழுபதாம் வருஷம் விடுப்பில் வந்தபோது அவனுக்கும் சாரதாமணிக்கும் கல்யாணம் நடந்தது. அடுத்த வருஷக் கடைசியில் கிழக்கே போர் மூண்டபோது அவள் ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள்.

எதிரிகள் பின்வாங்கிப் போகும் சாலையை அடைக்க வேண்டும், அதற்காக வங்கக் கடலின் கிழக்குக் கரையில் ஒரு படையை இறக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நடுக்கடலில் ஒரு சரக்குக் கப்பலிலிருந்து அந்த வீரர்கள் மயில்சாமியின் கப்பலுக்கு மாறி வந்தார்கள். மலையில் பிறந்து வளர்ந்த கூர்க்கா வீரர்கள். நெருப்பைக் கண்டு பின்வாங்காதவர்கள் என்று பெயரெடுத்த கூட்டம். ஆனால் கப்பல் ஆடிய ஆட்டத்தில் ஆளுக்கொரு மூலையில் சுருண்டு, வயிற்றில் இருந்ததையெல்லாம் கக்கிக்கொண்டு கிடந்தார்கள்.

அவர்களில் ஒருவன் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். மயில்சாமியின் தோளுயரம்தான் இருப்பான். வட்டமான முகம். மயில்சாமி அவனுக்கு ஒரு குவளை தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தான். இருவருக்கும் அரைகுறை இந்திதான் பொது மொழி.

"இவ்வளவு தண்ணியை யார் கொண்டுவந்து ஊத்தினது, தாஜு?" என்று கேட்டான் அவன். தாஜு என்றால் அவர்கள் மொழியில் அண்ணன். அவன் பெயர் இந்திர குருங்.

"உனக்கு நீச்சல் தெரியுமா?"

"எங்க ஊர் ஆத்துல எறங்கினா யானையே நிக்காது. அதுல எறங்குறவன் பைத்தியக்காரன்."

இந்திரனுக்கு மயில்சாமியின் ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அங்கே என்ன விளையும், என்ன செய்வீர்கள் என்று கேட்டான். மயில்சாமி சட்டைப் பொத்தானைக் கழற்றி உள்ளே போட்டிருந்த பனியனைக் காட்டினான். இந்திரன் தன் சட்டையை விலக்கித் தன் பனியனைப் பார்த்தான்.

"இதுவும் உங்க ஊரா?"

"இருந்தாலும் இருக்கும்."

அதைப் பெரிய வேடிக்கைபோலப் பக்கத்தில் படுத்திருந்தவர்களை எழுப்பிச் சொன்னான். தலைசுற்றலோடு கிடந்தவர்களும் சட்டையை விலக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களில் மீசைகூடச் சரியாக அரும்பாத ஒரு வீரன் இருந்தான். அவனுக்குத்தான் கடல் நோய் அதிகம். இந்திரன் அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தேநீரை வாயில் ஊற்றிக் குடிக்க வைத்தான்.

கரை நெருங்கியபோது அதிகாரிகள் வந்து சொன்னார்கள். தண்ணீர் இடுப்பளவுதான் இருக்கும், துப்பாக்கியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும் என்றார்கள். இந்திரன் தன் இடுப்பில் கையை வைத்துப் பார்த்தான். பிறகு மயில்சாமியின் இடுப்பைப் பார்த்தான். "யார் இடுப்பு?" என்று கேட்டான்.

கப்பலின் அடி தரையில் உராய்ந்து நின்றது. கரைக்கு வந்துவிட்டோம் என்றே எல்லாரும் நினைத்தார்கள். முகப்பு திறந்தது, பலகை இறங்கியது. எதிரே கலங்கின தண்ணீர், அதற்கு அப்பால் மணல், மணலுக்குப் பின்னால் தென்னை மரங்கள். பார்வைக்கு நடந்து போய்விடும் தூரம். ஆனால் கப்பல் தட்டி நின்றது கடலுக்குள் கிடந்த ஒரு மணல் மேட்டில். மேட்டுக்கும் கரைக்கும் நடுவே ஆழமான பள்ளம் ஒன்று வாய்க்கால்போல ஓடுகிறது என்பது யாருக்கும் தெரியவில்லை.

முதல் வீரன் பலகையிலிருந்து இறங்கினான். இரண்டு எட்டு வைத்தான், முழங்கால் அளவு. அடுத்த எட்டில் ஆள் இல்லை. ஒட்டிப் பின்னால் போன இரண்டாமவனும் அதே இடத்தில் மறைந்தான். முதுகில் கட்டிய சுமையும் துப்பாக்கியும் அவர்களைக் கல்லைப்போலக் கீழே இழுத்துக்கொண்டு போய்விட்டன. பலகையின் மேல் நின்றவர்களுக்கு என்ன நடந்தது என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

மயில்சாமி உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாய்ந்தான். அது கிணறு இல்லை. கண்ணைத் திறந்தால் சேறு. கீழே ஓடிய நீரோட்டம் ஆளைப் பக்கவாட்டில் இழுத்தது. கையில் ஒரு வார் அகப்பட்டது. அதைப் பற்றி இழுத்துக்கொண்டு மேலே வந்தான். அந்த வீரனுக்கு உயிர் இருந்தது. அவனைப் பலகையில் தள்ளிவிட்டு மறுபடி மூழ்கினான், மறுபடியும் மூழ்கினான். இரண்டாமவன் கிடைக்கவில்லை.

கயிறு கட்டி இறக்குவது என்று முடிவாயிற்று. மயில்சாமியும் ஒரு மலையாளி மாலுமியும் கயிற்றின் முனையோடு நீந்திப்போய்க் கரையில் ஒரு தென்னையில் கட்டினார்கள். மற்ற முனை கப்பலில். மயில்சாமி நடுப்பள்ளத்தில் நீந்தியபடியே நின்றுகொண்டு கப்பலைப் பார்த்தான்.

வாழ்நாள் முழுக்க அவன் கண்ணில் நின்ற காட்சி அதுதான். வரிசை கலையவே இல்லை. தங்களுக்கு முன்னால் போனவனைத் தண்ணீர் விழுங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டு நின்ற ஆட்கள். குட்டையில்கூட இறங்கிப் பழகாதவர்கள். ஒருவன் உதடு அசையச் சாமி கும்பிட்டான். ஒருவன் ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி வரிசைக்கு வந்து நின்றான். பின்னால் நகர்ந்தவன் ஒருவனும் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இறங்கினார்கள், கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு.

இந்திரன் இறங்கியபோது அவன் முகத்தில் கேலி இல்லை. உதடு வெளுத்திருந்தது. நடுப்பள்ளத்தில் தண்ணீர் அவன் தலைக்கு மேலே போயிற்று. மயில்சாமி அவன் முதுகுச் சுமையைத் தாங்கிப் பிடித்து, "மூச்ச விடாதே, கைய விடாதே" என்று காதோடு கத்தினான். கை மாற்றிக் கை மாற்றி இழுத்துக்கொண்டு இந்திரன் கரையேறிவிட்டான். மணலில் மண்டியிட்டுத் தண்ணீரைக் கக்கினான். பிறகு திரும்பி மயில்சாமியைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

அதற்குப் பிறகு மயில்சாமி மயங்கிப்போன ஒருவனைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தான். அவன் மணலை மிதிக்கும் நேரம், பெரிய அலை ஒன்று கப்பலைத் தூக்கிப் போட்டது. கயிறு தொய்ந்து, மறுகணம் விண்ணென்று இழுத்தது. நடுவில் வந்துகொண்டிருந்தவன் அந்த மீசை அரும்பாத வீரன். அவன் ஒரு கை நழுவிவிட்டது. சுமை அவனைத் தலைகீழாகப் புரட்டியது.

மயில்சாமி தோளில் கிடந்தவனை இறக்குவதற்குள் இந்திரன் எழுந்துவிட்டான். முதுகுச் சுமையைக் கழற்றிப் போட்டான். கயிற்றைப் பிடித்தான். வந்த வழியே தண்ணீருக்குள் நடந்தான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. போகாதே என்று மயில்சாமி கத்தியது அவன் காதில் விழுந்ததோ என்னவோ. கழுத்தளவு போயிற்று, பிறகு தலை மறைந்தது, கயிற்றைப் பிடித்த கைகள் மட்டும் தெரிந்தன. அந்தக் கைகள் நகர்ந்துகொண்டே இருந்தன. நடுப்பள்ளத்தில் அவன் தலை ஒருமுறை மேலே வந்தது. அந்த இளைஞனின் சட்டையைப் பிடித்து இழுத்து, அவன் இரண்டு கைகளையும் கயிற்றின் மேல் வைத்து அழுத்தினான். கீழேயிருந்து அவனைத் தூக்கித் தள்ளினான். அதற்கு அவனுக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது.

அடுத்த அலை போனபிறகு கயிற்றில் அந்த இளைஞன் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தான்.

மயில்சாமி எத்தனை தரம் மூழ்கினான் என்பது அவனுக்கே தெரியாது. வெகுதூரம் தள்ளி, நீரோட்டம் கொண்டுபோய்ப் போட்ட இடத்தில், இந்திரனைக் கண்டுபிடித்தான். கரையில் குப்புறப் போட்டு முதுகை அழுத்தினான். வாயிலிருந்து தண்ணீர் வந்தது, வந்துகொண்டே இருந்தது. கடைசியில் மலையாளி மாலுமி தோளில் கைவைத்து, "மதி, போதும்" என்றான். மயில்சாமி அப்புறமும் அழுத்தினான்.

அந்தக் கரையில் ஒரு துப்பாக்கிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. எதிரிகள் முன்பே போய்விட்டிருந்தார்கள். தென்னந்தோப்புக்குள்ளிருந்து அந்த ஊர் மீனவர்கள் கொடியோடும் கூச்சலோடும் ஓடிவந்தார்கள், வரவேற்க. மணலில் கிடத்தியிருந்தவர்களைப் பார்த்ததும் கூச்சல் நின்றுபோயிற்று. பிறகு அவர்களே தங்கள் படகுகளைக் கொண்டுவந்து மிச்சம் இருந்த வீரர்களைக் கரை சேர்த்தார்கள்.

போர் முடிந்து, மாசி மாதம் மயில்சாமி விடுப்பில் வந்தான். ஊரே ஜெயித்த மகிழ்ச்சியில் இருந்தது. சலவைப் பட்டறைக் கந்தப்பன் நாலு வியாபாரிகளைச் சேர்த்துக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, அவனுக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தார். நம் பட்டறையில் வேலை பார்த்த பையன் என்பதில் அவருக்கு உண்மையாகவே பெருமை. ரோஜா மாலையைப் போட்டுவிட்டு மைக்கை அவன் பக்கம் திருப்பினார்.

"சொல்லுங்க மயில்சாமி. எத்தன பேரச் சுட்டீங்க?"

"யாரையும் சுடலீங்க" என்று ஆரம்பித்தான் அவன். நடந்ததை அப்படியே சொன்னான். மணல் மேடு, பள்ளம், கயிறு. அவன் நிறுத்தியபோது வெடிச்சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தவர்கள் இன்னும் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"அப்ப சண்டையே நடக்கலீங்களா?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"தண்ணில முளுகிச் செத்ததுக்கா இத்தன மாலயும் மேளமும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அங்கங்கே சிரித்தார்கள்.

மயில்சாமிக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. "நான் குதிச்சதுல ஒண்ணுமில்லீங்க. எனக்கு நீச்ச தெரியும். நீச்ச தெரியாதவங்க எறங்குனாங்க பாருங்க, முன்னால போனவன் முளுகுனதப் பாத்துப்போட்டும் எறங்குனாங்க. ஒருத்தன் கரைக்கு வந்துட்டு மறுக்காப் போனானுங்க. அதுக்குப் பேரு என்னங்க? அதத்தானுங்க நான் சொல்ல வந்தேன்."

கந்தப்பன் பதறிப்போய் மைக்கை வாங்கி, பாரத மாதாவுக்கு ஜே போட்டுக் கூட்டத்தை முடித்துவைத்தார். மயில்சாமி மாலையைக் கழற்றி நாற்காலியின் மேல் வைத்துவிட்டு இறங்கி நடந்தான். அலாவுதீன் ஓடிவந்து கூடச் சேர்ந்துகொண்டான்.

"நாலு பேரச் சுட்டேன்னு சொல்லிப்போட்டு வர்றதுக்கு என்னடா? அவனுகளுக்கு அதுதான வேணும்."

"அப்படிச் சொன்னா, மறுக்காப் போனவன எங்கடா வெக்கறது?" என்றான் மயில்சாமி. அலாவுதீன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வீடு வரைக்கும் வந்தான். மறுநாள் பழைய நினைப்பில் தோட்டத்துக் கிணற்றுக்கு அழைத்துப் போனான். மயில்சாமி கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, கால்கூட நனைக்காமல் எழுந்து வந்துவிட்டான்.

சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. வள்ளி என்று வைக்க வேண்டுமென்று சென்னம்மாளுக்கு ஆசை. மயில்சாமி கப்பலுக்குத் திரும்புமுன்பே சாரதாமணியிடம் ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஆணானால் இந்திரன், பெண்ணானால் இந்திரா. ஏன் என்றும் அவளுக்குச் சொல்லியிருந்தான். அவள் மாமியாரோடு மல்லுக்கட்டி அந்தப் பெயரையே வைத்தாள். போரில் ஜெயித்த பிரதமர்மேல் இருக்கும் பக்தியில் வைத்த பெயர் என்று தெருவில் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அவள் யாரையும் திருத்தவில்லை.

பத்து வருஷம் முடிந்ததும், இன்னும் இருக்கச் சொன்னவர்களுக்கு வணக்கம் வைத்துவிட்டு மயில்சாமி ஊருக்கே வந்துவிட்டான். கந்தப்பனின் பட்டறையிலேயே மறுபடி வேலைக்குச் சேர்ந்தான், இந்தத் தடவை மேஸ்திரியாக. போரைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அடுத்த வருஷம் ஒருநாள், கல்கத்தாவுக்குப் பனியன் மூட்டைகளை அனுப்ப ரயில் நிலையத்துப் பார்சல் ஆபீசில் நின்றிருந்த அலாவுதீனைப் போர்ட்டர் ஒருவர் வந்து கூப்பிட்டார்.

"பாய், இந்திக்காரர் ஒருத்தரு வந்து நின்னுக்கிட்டு மயில்சாமி மயில்சாமிங்கறாருங்க. நமக்கொண்ணும் புரியல. நீங்க கொஞ்சம் வாங்க."

வண்ணத் தொப்பியும் பழைய பட்டாளத்துக் கோட்டும் போட்ட கிழவர் ஒருவர் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் சுருக்கம். நேபாளத்து மலையிலிருந்து இறங்கி, ரயில் மாறி ரயில் மாறி வந்திருந்தார். படைப்பிரிவில் விசாரித்து, மயில்சாமி என்ற பெயரையும் திருப்பூர் என்ற ஊரையும் மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு கிளம்பியவர். அலாவுதீன் மூட்டைகளை அப்படியே போட்டுவிட்டு அவரைக் குதிரை வண்டியில் ஏற்றி மயில்சாமி வீட்டுக்குக் கூட்டிவந்தான்.

பட்டறைக்கு ஆள் போய், மயில்சாமி ஈரக் கையோடு ஓடிவந்தான். சாரதாமணி கொடுத்த தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு, குடிக்காமல் உட்கார்ந்திருந்த பெரியவர் அவனைக் கண்டதும் எழுந்து நின்று விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

"நான் ஜங்கபீர் குருங். இந்திராவோட அப்பா."

அவர்கள் வழக்கத்தில் அந்தப் பெயர் அப்படித்தான் ஒலித்தது. உள்ளே விளையாடிக்கொண்டிருந்த குழந்தை தன்னைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ஓடிவந்து நின்றாள். "என்னங்கப்பா?"

"குழந்தை பேர் என்ன?" என்று கேட்டார் பெரியவர்.

மயில்சாமி சொன்னான். பெரியவர் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார்.

"நான் பர்மாவுல சண்டை போட்டவன். என் அண்ணன் அங்கே குண்டு பட்டுச் செத்தான். எங்க ஊர்ல இன்னைக்கும் அவன் பேரை மரியாதையாச் சொல்றாங்க. என் மகன் தண்ணியில மூழ்கிட்டான்னு மட்டும் எங்களுக்குச் சொன்னாங்க. ஊர்ல அவன் பேரை எடுத்தா, பாவம், கால் தவறிட்டான்கறாங்க. அவன் அம்மா சாகிற வரைக்கும் என்னைக் கேட்டுக்கிட்டே இருந்தா. கால் தவறினானா, இல்லை பயந்துபோய் ஓடும்போது விழுந்தானான்னு. எனக்குப் பதில் தெரியல. அவ போயிட்டா. நானாவது தெரிஞ்சுக்கிட்டுப் போகணும். நீ பக்கத்துல இருந்தியாமே?"

மயில்சாமி அவர் எதிரே தரையில் உட்கார்ந்து சொன்னான். சொல் கிடைக்காத இடத்தில் அலாவுதீன் எடுத்துக்கொடுத்தான்.

"கரைக்கு வந்துட்டானா?" என்று பெரியவர் நடுவில் நிறுத்தினார்.

"வந்துட்டான். மணல்ல உக்காந்துட்டான். என்னைப் பாத்துக் கையத் தூக்கினான்."

"அப்புறம்?"

"திரும்பிப் போனான்."

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லல. அந்தப் பையன் கைய விட்டதப் பாத்தான், போனான்."

"இன்னொரு தடவை சொல்லு."

மயில்சாமி இன்னொரு தடவை சொன்னான். மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னார். அந்த இளைஞன் பிழைத்தானா என்று கேட்டார். கரை சேர்ந்தான், பிறகு தெரியாது என்றான் மயில்சாமி. கடைசியாக, ஆழம் எவ்வளவு என்று கேட்டார். மயில்சாமி எழுந்து சுவரோரம் போய்த் தன் தலைக்கு மேலே கையை எட்டும்வரை தூக்கி வைத்துக் காட்டினான். பெரியவர் வந்து அந்தக் கைக்குக் கீழே நின்றார். "அவன் என் உயரம்தான்" என்றார். கையை அண்ணாந்து பார்த்தார். அவர் அழவில்லை. அடுப்படியில் நின்ற சாரதாமணிதான் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

சில நாள் அவர் அங்கேயே தங்கினார். ஒருநாள் காலையில் மயில்சாமி அவரைக் கடைவீதிப் பக்கம் அழைத்துப்போனபோது கந்தப்பன் எதிரே வந்தார்.

"அட, கூர்க்காவா? எங்க புடிச்சீங்க மயில்சாமி? நம்ம பட்டறை கேட்டுக் காவலுக்கும் ஒரு ஆளு தேடிக்கிட்டு இருக்கறனுங்க."

"வேலைக்கு வந்தவரில்லீங்க" என்றான் மயில்சாமி. "எங்கூட்டு ஒறம்பரைங்க."

கூர்க்கா எப்படிச் சொந்தக்காரராவார் என்று கந்தப்பன் சிரித்தார். மயில்சாமி சிரிக்கவில்லை என்று பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, என்ன நினைத்தாரோ, பெரியவரைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனார்.

ரயிலேறும்போது பெரியவர் மயில்சாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் போய்ச் சொன்னா, பெத்தவன் மகனுக்காகப் பேசறான்னு சொல்லுவாங்க. நீ ஒரு தடவை எங்க ஊருக்கு வந்து சொல்லணும்." வருகிறேன் என்றான் மயில்சாமி. மனப்பூர்வமாகத்தான் சொன்னான். ஆனால் அந்த வருஷம் ஆத்தப்பன் படுத்த படுக்கையானார். அடுத்த வருஷம் அவர் காரியம். அதற்கடுத்துப் பட்டறையில் விடுப்பு கிடைக்கவில்லை. சாரதாமணி விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். "வேலயக் கடாசிப்போட்டாவது போயிட்டு வாங்க. அந்தப் பெரியவரு வாசலயே பாத்துக்கிட்டு இருப்பாருங்க."

எழுபத்தெட்டில் கல்கத்தா வரைக்கும் அலாவுதீனோடு போய், அங்கிருந்து மயில்சாமி தனியே கிளம்பினான். ரயில், பஸ், அதற்குப் பிறகு மலைப்பாதையில் நடை. ஆற்றையும் பார்த்தான். இந்திரன் சொன்னதில் பொய்யில்லை, பாறைகளை உருட்டிக்கொண்டு வெள்ளையாக ஓடிற்று. ஊருக்குள் போய் ஜங்கபீர் குருங் வீடு எது என்று கேட்டபோது, ஒரு பெண் பூட்டிய கதவைக் காட்டினாள். அதற்கு முந்தின குளிர்காலத்திலேயே பெரியவர் காலமாகிவிட்டிருந்தார்.

அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் மயில்சாமி உட்கார்ந்துவிட்டான். யாரோ வெளியூர்க்காரன் வந்து அழுகிறான் என்று அக்கம்பக்கத்தில் ஆள் சேர்ந்தது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இந்தியில் விசாரித்தார். மயில்சாமி சொன்னான். அவர் அதைத் தங்கள் மொழியில் மற்றவர்களுக்குச் சொன்னார்.

திரும்பி வந்தவனைத் திருப்பூர் ரயில் நிலையத்தில் அலாவுதீன் வந்து பார்த்தான். பெரியவர் இல்லை என்பதை மயில்சாமி முகத்திலிருந்தே தெரிந்துகொண்டான். இருவரும் நொய்யல் பாலம் வரைக்கும் நடந்தார்கள்.

"ஊருக்குள்ள சொன்னயா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. அந்தப் பட்டாளத்துக்காரரு எந்திரிச்சு நின்னாரு. அப்பறம் கெழவிக, கொழந்தைகன்னு அத்தன பேரும் எந்திரிச்சு நின்னாங்க." மயில்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தான். "ரெண்டு வருசம் முன்னால போயிருக்கோணும்டா, அலாவுதீன்."

அலாவுதீன் அவன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான்.